ஒரு மூப்பரும் ஒரு கடிதமும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

கடித இலக்கியம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்போர் சிலர் உண்டு. அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதுவதுபோல நாட்டுக்கே எழுதினார் டாக்டர் மு. வரதராசனார். தம் தம்பிமார்க்கு மடல் மடலாகத் தீட்டினார் பேரறிஞர் அண்ணா. சிறைக்குள் இருந்துகொண்டே தம் மகளுக்கு உலக வரலாற்றைக் கற்பித்தார் பண்டித நேரு. நான் சொல்ல வந்தது இவற்றினும் மிகப் பழைய ஒரு கடிதத்தைப் பற்றி. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், சின்ன ஆசியாவின் சிமிர்னா நகரிலிருந்து மக்கெதோனியாவின் பிலிப்பி நகருக்குச் சென்ற கடிதம் அது. எழுதியவர் பொலிக்கார்ப்பு. சிமிர்னாத் திருச்சபையின் கண்காணியாக இருந்தவர்.

அரசு கல்லூரி ஆண்டு மலரில் சமயக் கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் இக்கடிதத்திடம் போனது வரலாற்று மாணவனாகத்தான். உரோமாபுரி வரலாற்றுக்குக் குறிப்பெடுக்கப் போன இடத்தில், லைட்ஃபுட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பின் மறுஅச்சு ஒன்று என் கையில் சிக்கியது. ஆனால் படித்து முடித்தபோது வரலாற்று மாணவனாக மட்டும் இருக்க என்னால் முடியவில்லை. நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவன். இக்கடிதம் என்னைப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டது. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆலயத்தில் இவ்வகைக் கடிதங்களை ‘நிருபங்கள்’ என்போம். கத்தோலிக்க நண்பர்கள் ‘திருமுகங்கள்’ என்பர். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 நூல்கள் கடிதங்களாகவே எண்ணப்படுகின்றன. கடிதத்தின் மேல் கட்டப்பட்ட சமயம் என்றுகூடச் சொல்லிவிடலாம்! அவற்றுள் தீமோத்தேயுவுக்கு இரண்டும் தீத்துவுக்கு ஒன்றுமான மூன்றைத் தனியே பிரித்து ‘ஆயர் நிருபங்கள்’ என்று வழங்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சபையை மேய்ப்பவருக்கு, அதை எப்படி மேய்ப்பது என்று கூறுபவை அவை. இவற்றைப் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்த ஒருவர் அவர் பெயரால் எழுதினாரா என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. இன்றைய ஆய்வாளருள் பெரும்பாலோர் பின்னதையே ஏற்கின்றனர். எவர் எழுதியிருந்தால் என்ன? துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும் தோற்சுருள்களையும் மறவாதே, குளிர்காலம் பிறப்பதற்குள் வந்து சேர் என்று இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் கடைசியில் வருகிறதே, அதைப் படிக்கும்போது எனக்கு வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் வீட்டுக்குக் கேட்டு எழுதும் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

புதிய ஏற்பாட்டில் இடம்பெறாத, அதை ஒட்டிய காலத்தில் எழுந்த கடிதங்களும் உள்ளன. உரோமைத் திருச்சபை கொரிந்தியருக்கு எழுதிய கடிதம் ஒன்று. அது கிளமெந்து என்பவரின் பெயரால் வழங்குகிறது. அந்தியோகியா நகரத்து இஞ்ஞாசியார் எழுதியவை ஏழு. பொலிக்கார்ப்பு பிலிப்பியருக்கு எழுதியது ஒன்று. இவற்றுள் கடைசியானதே நம் பொருள்.

வழிப்போக்கர் கையில் வந்த அஞ்சல்

உரோமப் பேரரசில் அஞ்சல் இருந்தது. ஆனால் அது அரசாங்க அஞ்சல். இடையிடையே குதிரைகளும் வண்டிகளும் மாற்றித் தரப்படும் அந்த ஏற்பாடு ஆளுநர்க்கும் அரசு அலுவலர்க்குமே உரியது. சாமானியன் கடிதம் அனுப்பவேண்டுமாயின், அந்தப் பக்கம் போகிற ஆள் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் ஒரு மனிதனின் நடை இருந்தது.

பிலிப்பியிலிருந்து சிமிர்னாவுக்குக் கடிதம் வரக் காரணமானவர் ஒரு கைதி. அவர்தாம் இஞ்ஞாசியார். டிராஜன் பேரரசன் காலத்தில் (கி.பி. 98-117) கைதாகி, பத்துப் போர்வீரரின் காவலில் உரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே காத்திருந்தவை காட்டு விலங்குகள். வழியில் சிமிர்னாவில் தங்கியபோது நான்கு கடிதங்களும், துரோவாவில் தங்கியபோது மூன்று கடிதங்களும் எழுதினார். அந்த மூன்றில் ஒன்று பொலிக்கார்ப்புக்கு. பொலிக்கார்ப்புக்கு அப்போது வயது நாற்பது அளவில் இருக்கலாம். முதியவர் இளையவருக்குச் சொன்ன அறிவுரையில் இரண்டு உவமைகள் என் மனத்தில் தங்கிவிட்டன. எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்துக் கட்டு உதவாது என்பது ஒன்று. அடி விழும்போது பட்டறைக்கல் போல நில் என்பது மற்றொன்று. நல்ல சீடர்களிடம் மட்டும் அன்பு காட்டுவதில் உனக்கு ஒரு பெருமையும் இல்லை, தொல்லை தருவோரைச் சாந்தத்தால் வசப்படுத்து என்றும் அவர் சொல்லியிருந்தார். இந்தப் பாடத்திற்குத் தேர்வு விரைவிலேயே வந்தது.

இஞ்ஞாசியார் துரோவாவிலிருந்து கப்பலேறி, நெயாப்போலித் துறையில் இறங்கிப் பிலிப்பி சேர்ந்தார். அந்த நெயாப்போலி இன்று கவாலா என்னும் கிரேக்கத் துறைமுகம். பிலிப்பியோ இன்று இடிபாடுகள். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. சங்கிலி பூட்டிய அந்த முதியவரைப் பிலிப்பிச் சபையார் வரவேற்று வழியனுப்பி வைத்தனர். அவர் போனபின் பொலிக்கார்ப்புக்கு எழுதினர். இஞ்ஞாசியாரின் கடிதங்கள் உங்களிடம் இருந்தால் படியெடுத்து அனுப்புங்கள். அந்தியோகியாவுக்கு நாங்கள் எழுதிய கடிதத்தையும் உங்கள் ஆள் வழியாகச் சேர்ப்பித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டனர். அதற்கு வந்த மறுமொழியே நம் கடிதம். (இது உண்மையில் இரு வேறு காலத்தில் எழுதிய இரண்டு கடிதங்கள் என்று ஹாரிசன் என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டில் வாதிட்டார். நம் பொருளுக்கு அந்த வழக்கு குறுக்கே நிற்கவில்லை.)

கடிதத்தின் கிரேக்க மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. இப்போதுள்ள கிரேக்கச் சுவடிகள் எல்லாம் ஒன்பதாம் அதிகாரத்தில் நின்று, நடு வாக்கியத்திலேயே வேறொரு நூலுக்குள் புகுந்துவிடுகின்றன. ஏடு உதிர்ந்துபோன ஒரு பழஞ்சுவடியைப் பார்த்து, உதிர்ந்தது தெரியாமலே ஒருவர் படியெடுத்திருக்கிறார்! எஞ்சிய பகுதி பெரும்பாலும் இலத்தீன் மொழிபெயர்ப்பில்தான் தப்பியது. நான் சொல்லப்போகும் பதினோராம் அதிகாரம் அப்படித் தப்பியதே.

வாலென்ஸ்

கடிதத்தில் 14 அதிகாரங்கள். எல்லாம் சிறியவை. மொழிபெயர்ப்பில் அரைமணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். பெரும்பகுதி அறவுரை. உள்ளதைச் சொன்னால், முதன்முறை படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பவுலும் பேதுருவும் சொன்னவற்றையே மாலையாகக் கோத்திருக்கிறார். புதுமை ஒன்றும் இல்லையே என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவன் பதினோராம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன்.

பிலிப்பிச் சபையில் வாலென்ஸ் என்றொரு மூப்பர் இருந்தார். பொருளாசையால் விழுந்தார். அவர் மனைவிக்கும் அதில் பங்கு இருந்ததாகத் தோன்றுகிறது. அந்த அம்மையாரின் பெயரைக் கடிதம் கூறவில்லை. மூப்பர் பதவியும் போயிருக்க வேண்டும். முன்பு மூப்பராக ஏற்படுத்தப்பட்டவர் என்றுதான் பொலிக்கார்ப்பு எழுதுகிறார். இவ்வளவுதான் நமக்குத் தெரிவது. அவர் எவ்வளவு எடுத்தார், எப்படி எடுத்தார், யார் கண்டுபிடித்தார் என்று கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும். பிறகு அதை விரித்துரைப்பதால் யாருக்கு என்ன பயன்?

சொல்லாமல் விட்டதைக் கண்டபின், சொன்னவற்றின் வரிசையைத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் கொட்டாவி விட்ட பக்கங்களின் பொருள் விளங்கியது. வாலென்ஸின் பெயரை எடுப்பதற்கு முன்பே நாலைந்து இடங்களில் பொருளாசையைத் தொட்டுவிடுகிறார் பொலிக்கார்ப்பு. எல்லாத் துன்பங்களுக்கும் அதுவே தொடக்கம் என்கிறார். உடனே, முதலில் நமக்கு நாமே கற்பித்துக்கொள்வோம் என்கிறார். ‘நீங்கள்’ என்று சொல்லவில்லை, ‘நாம்’ என்கிறார். அடுத்து விதவைகளுக்குச் சொல்கிறார், உதவிக்காரர்களுக்குச் சொல்கிறார், மூப்பர்களுக்குச் சொல்கிறார். மூப்பர்கள் மனமிரக்கம் உடையவர்களாய், வழி தப்பியவர்களைத் திருப்பிக்கொண்டு வருபவர்களாய், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களாய் இருக்கவேண்டும். பண ஆசைக்குத் தூரமாய் நிற்கவேண்டும். ஒருவனைப் பற்றிய பழியைச் சட்டென்று நம்பிவிடலாகாது. தீர்ப்பில் கடுமை கூடாது. ஏனெனில் நாம் எல்லாருமே பாவத்துக்குக் கடன்பட்டவர்கள். இது ஆறாம் அதிகாரம்.

அதாவது, குற்றவாளியின் பெயர் வருவதற்கு ஐந்து அதிகாரங்கள் முன்னதாகவே, அவரை விசாரிப்பவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறார். பெயர் வரும்போது கேட்பவர் எவரும் வாலென்ஸைத் தனியே ஒரு மேடையில் நிறுத்திப் பார்க்க முடியாது. அவர்களும் அதே கடன்பட்டியலில் ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டவர்கள்.

பிறகு பெயர் வருகிறது. முதலில் வருவது கோபம் அன்று, துக்கம். வாலென்ஸுக்காக நான் மிகவும் வருந்துகிறேன் என்கிறார். தமக்குக் கொடுக்கப்பட்ட இடம் இன்னதென்று அவர் இப்படி அறியாமற்போனாரே என்கிறார். குற்றத்தைக் குற்றம் என்று கூற அவர் தயங்கவில்லை. தன்னை ஆளத் தெரியாதவன் மற்றவர்க்கு எப்படி உபதேசிப்பான் என்று கேட்கிறார். பொருளாசைக்கும் விக்கிரக வணக்கத்துக்கும் தூரமில்லை என்கிறார். அதன் பின்தான் அந்தத் திருப்பம். கணவன் மனைவி இருவருக்கும் ஆண்டவர் உண்மையான மனந்திரும்புதலைத் தரட்டும் என்று வேண்டிவிட்டு, சபையாரின் பக்கம் திரும்பி, இந்தக் காரியத்தில் நீங்களும் நிதானமாய் இருங்கள் என்கிறார். அவர்களைப் பகைவராக எண்ணாதீர்கள். நோயுற்ற, வழி தப்பிய உறுப்புகளாக எண்ணித் திரும்ப அழையுங்கள். அப்போதுதான் உங்கள் உடல் முழுமையும் பிழைக்கும் என்கிறார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். இரக்கப்பட்டு விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. அழையுங்கள் என்கிறார். வாலென்ஸ் முதலில் வந்து காலில் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று இல்லை. முதல் அடி எடுத்து வைக்க வேண்டியவர்கள் சபையார். ஏன்? கை ஒன்று நோயுற்றுக் கிடந்தால் கைக்கு மட்டுமா கேடு?

சபைப் பணம் என்றால் அக்காலத்தில் என்ன பொருள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் பொலிக்கார்ப்பு ஏதோ சிறு தவறை மன்னித்ததுபோல் தோன்றும். சுமார் கி.பி. 155ஆம் ஆண்டில் உரோமாபுரியில் இருந்த யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார்: வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பர், அது சபைத் தலைவரிடம் சேரும், அதைக்கொண்டு அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோரைத் தாங்குவார். கி.பி. 251இல் உரோமைச் சபைத் தலைவர் கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்றில் கணக்கே இருக்கிறது. அச்சபையில் அப்போது மூப்பர் 46 பேர், உதவிக்காரர் 7 பேர். சபை தாங்கி வந்த விதவைகளும் வறியவர்களும் 1,500க்கு மேற்பட்டோர். ஆக, மூப்பரின் கை நீண்டால் குறைவது ஒரு விதவையின் அப்பம். அது தெரிந்தேதான் பொலிக்கார்ப்பு அப்படி எழுதினார்.

மொட்டைக் கடிதம்

இனி என் கதை. நீளமாகச் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர்ச் சபையில் ஆலயக் கோபுரம் எழுப்ப நிதி திரட்டிய காலம். நான் ஏழாம் வகுப்பு. பணப் பொறுப்பில் இருந்தவர் என் வகுப்புத் தோழனின் தந்தை. நான் அவரை மாமா என்று அழைப்பேன். ஒருநாள் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கணக்கைப் பார்த்தார்கள். பணம் குறைந்தது உண்மை. மருத்துவச் செலவுக்காக எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். வயலை விற்றுச் சிறிது சிறிதாகக் கட்டிவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் ஊரார் வாயில் அந்தத் தொகை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் எல்லாம் பெயர் சொல்லி, தொகை சொல்லி வாசிக்கப்பட்டது. அப்போது அத்தை, அவர் மனைவி, பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு அசனத்துக்கு அவர்கள் வரவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் செய்தது என்ன? வகுப்பில் என் தோழன் பக்கத்திலிருந்து எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். எவரும் சொல்லிக் கொடுக்காமலே அதைச் செய்தேன். பத்தாம் வகுப்பு முடித்து அவன் ஊரை விட்டுப் போகும்வரை நாங்கள் பேசவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு, பொலிக்கார்ப்பின் காலத்து அரசாங்கக் கடிதம் ஒன்றையும் பாருங்கள். சுமார் கி.பி. 112ஆம் ஆண்டில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, கிறித்தவர்களை என்ன செய்வது என்று டிராஜன் பேரரசனுக்கு எழுதிக் கேட்டார். பலருடைய பெயர்கள் அடங்கிய, கையொப்பமில்லாத பட்டியல் ஒன்று அவருக்கு வந்திருந்தது. விசாரணைக்காக இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததாகவும் அவரே எழுதுகிறார். அப்பெண்கள் திருச்சபையின் ஊழியக்காரிகள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கலாம் என்பது டிராஜனின் விடை. அந்த விடையில் இன்னொன்றும் உண்டு: கையொப்பமில்லாத குற்றச்சாட்டை எந்த வழக்கிலும் ஏற்கலாகாது, அது நம் காலத்துக்கே தகாத செயல் என்று கண்டித்திருக்கிறான். கிறித்தவர்களைக் கொல்ல ஒப்பிய பேரரசன்கூட மொட்டைக் கடிதத்தைக் கையால் தொட மறுத்தான்! முதலாம் தீமோத்தேயு நிருபமும் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒரு மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டை ஏற்காதே என்று சொல்லுகிறது. எங்கள் ஆலயத்தில் அந்நிருபம் வாசிக்கப்படாத ஆண்டு இருந்திருக்காது.

எங்கள் சபையைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பணம் குறைந்ததைக் கேட்காமல் விட்டிருக்கக் கூடாது. கேட்டது சரி. கேட்ட பிறகு என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பதவி போகும்போது என்ன செய்வது என்பதைக் கிளமெந்தின் பெயரால் வழங்கும் கடிதம் வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. சுமார் கி.பி. 96ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அது 65 அதிகாரங்கள் கொண்ட நெடுங்கடிதம்; சற்றே வளவளவென்று இருக்கும். (அதன் கிரேக்க மூலம் முழுமையாக அடங்கிய சுவடியை 1873ஆம் ஆண்டில் பிரியென்னியோஸ் என்னும் அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார்.) கொரிந்துச் சபையில் குற்றமற்ற மூப்பர்கள் சிலரைக் கட்சி கட்டி நீக்கிவிட்டனர். அநீதி என்று உரோமைச் சபை எழுதுகிறது. ஆயினும் தொடக்கத்திலேயே, உங்களுக்குப் புத்தி சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை, எங்களுக்கும் நினைவூட்டிக்கொள்கிறோம், நாமும் அதே களத்தில்தான் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறது. கலகம் என்னால்தான் என்றால் நான் விலகிப் போகிறேன், மந்தை சமாதானமாய் இருக்கட்டும் என்று சொல்லக்கூடிய பெருந்தன்மை உங்களில் யாருக்கு உண்டு என்று கேட்கிறது. கடிதத்தை அனுப்பியதோடு நிற்கவும் இல்லை. இளமை முதல் முதுமை வரை நெறி பிறழாமல் வாழ்ந்தவர்கள் என்று சொல்லி மூன்று பேரை உடன் அனுப்பினார்கள். அவர்கள் சமாதானச் செய்தியோடு திரும்புவதை எதிர்பார்த்திருந்தார்கள். கொரிந்தியர் அக்கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப் பின்னும் அது தங்கள் சபையில் வாசிக்கப்படுவதாக அவ்வூர்க் கண்காணி தியொனிசியு எழுதியிருக்கிறார். கடிந்துகொண்ட கடிதத்தை மூன்று தலைமுறை பேணிக் காப்பது எளிய செயலா?

இன்னொரு கடிதமும் நினைவுக்கு வருகிறது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கண்காணியாக இருந்து கி.பி. 258இல் கொலையுண்ட சிப்பிரியான் எழுதியது. நடிப்புத் தொழிலை விட்டுக் கிறித்தவரான ஒருவர், பிழைப்புக்காகப் பிறருக்கு நடிப்புக் கற்றுக் கொடுத்து வந்தார். அது தகுமா என்று ஒரு கண்காணி கேட்டிருந்தார். தகாது என்று சிப்பிரியான் கண்டிப்பாகவே எழுதுகிறார். (அக்காலத்து நாடக மேடையின் நிலை அப்படி, நம் முத்தமிழ் மன்றத்தார் கோபிக்க வேண்டா.) ஆனால் அடுத்த வரியிலேயே, அவர் வறியவராயின் சபை அவருக்குச் சோறு போடட்டும், உங்கள் சபைக்கு அந்த வசதி இல்லையேல் அவரை எங்களிடம் அனுப்புங்கள், உணவும் உடையும் நாங்கள் தருகிறோம் என்று எழுதுகிறார். தடை ஒன்று, அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதற்கான விடை ஒன்று. இரண்டும் ஒரே கடிதத்தில்!

இக்கடிதங்களில் எல்லாமே இன்று கொள்ளத்தக்கவை என்று நான் வாதிடமாட்டேன். அடிமைகளை இகழாதே என்று சொல்லும் இஞ்ஞாசியார், பொதுப்பணத்தில் விடுதலை பெற அவர்கள் ஆசைப்படவேண்டாம் என்றும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். அடிமை முறையே தவறு என்று சொல்ல அவர்களில் எவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் உபதேசிக்கலாகாது, அமைதியாக இருக்கவேண்டும் என்னும் முதலாம் தீமோத்தேயுவின் வரிகள் இன்றும் எத்தனை பேரின் வாயை அடைக்கின்றன என்பதை நம் கல்லூரி மாணவியர் என்னைவிட நன்கு அறிவர். அவை அவர்களுடைய காலத்தின் சுவர்கள். சுவரைச் சுவர் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் தேடவேண்டும். வாலென்ஸின் மனைவிக்குப் பெயர் இல்லை என்றேன் அல்லவா? அதுவும் அந்தச் சுவரின் ஒரு கல்தான்.

பொலிக்கார்ப்பு பிறருக்கு எழுதியபடி தாமும் நடந்தாரா என்று கேட்கலாம். கி.பி. 155 அல்லது 156இல் அவரைக் கைது செய்ய ஆட்கள் வந்தபோது, அவர்களுக்கு வேண்டிய மட்டும் உணவும் நீரும் வைக்கச் சொன்னார். பிரார்த்தனை செய்ய ஒரு மணி நேரம் மட்டும் கேட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் நின்று பிரார்த்தித்தார். 86 ஆண்டுகள் தொண்டு செய்தவரைத் தீயிலிட்டார்கள். இதையும் நாம் அறிவது ஒரு கடிதத்தாலேதான். சிமிர்னாச் சபையார் பிலோமெலியம் சபைக்கு எழுதியது.

வாலென்ஸ் திரும்பினாரா? எந்த ஏடும் கூறவில்லை. பொலிக்கார்ப்பின் கடிதம் கிரெஸ்கென்ஸ் என்பவரின் அறிமுகத்தோடு முடிகிறது. அவர் கையில்தான் கடிதம் போனது. அவர் எங்களிடத்தில் நல்லவராக நடந்துகொண்டார், உங்களிடத்திலும் அப்படியே இருப்பார். அவருடைய சகோதரியும் பின்னால் வருவார், அவரையும் நன்கு ஏற்றுக்கொள்ளுங்கள் என்பவை கடைசி வரிகள். அந்த மனிதர் பிலிப்பி போய்ச் சேர்ந்து, சபை கூடியிருக்கக் கடிதம் வாசிக்கப்பட்ட நாளில், வாலென்ஸும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்களா, வீட்டில் இருந்தார்களா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமா வீட்டுக்குப் போனேன். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த வாசற்படியை மிதிக்கிறேன். மாமா கட்டிலில் படுத்திருந்தார், கண்பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து, “யாரு?” என்றார். அத்தைதான் என் பெயரைச் சொன்னார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தை, “அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. காப்பி கொடுத்தார். என் தோழன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறானாம்; பொங்கலுக்கு மட்டும் வருவானாம். அவன் முகவரியைக் கேட்டேன். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் என் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள நண்பனுக்கு’ என்பதற்குப் பின் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.